விளம்பர ஓசையும் வீட்டுச் செவியும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "மணிமேகலைக்கும் பாரதிக்கும் நடுவே செட்டாப் பாக்ஸ் எப்படி நுழைந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓசையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. எழுத்தொலிகள் எங்கே பிறக்கின்றன என்று பிறப்பியலில் வகுத்துச் சொன்ன மொழி நம்முடையது. ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவுகோலாக வைத்தவர் தொல்காப்பியர். ஓசைக்கு அளவு வேண்டும் என்று நினைத்த மரபின் வழிவந்தவர்கள், நம் வீட்டுக் கூடத்தில் அளவிறந்து ஒலிக்கும் ஒன்றைப் பற்றி ஒருமணி நேரம் பேசினால் குற்றமில்லை. செயலாளர் அரைமணி நேரம்தான் கொடுத்திருக்கிறார், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் வட்டத்து அன்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கும் வினா ஒன்று உண்டு. தொடர் ஓடும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. விளம்பரம் வந்ததும் வீடே அதிர்கிறது. கேபிளை எடுத்துவிட்டு டிஷ் வைத்தால் இந்தச் சத்தம் குறையுமா? டிஷ் வைத்திருப்பவர்கள் இதையே திருப்பிக் கேட்கிறார்கள். கேபிளுக்குப் போனால் குறையுமா?

குறையாது என்பதே விடை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

விளம்பரம் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யப்படுகிறது. அலைவரிசை நிலையத்தில் அதை நிகழ்ச்சியோடு பூத்தொடுப்பதுபோல் தொடுத்து, ஒரே சரமாகச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது இறங்குகிறது. டி.டி.எச். என்றால் நிறுவனம் அதைத் தன் நிலையத்தில் வாங்கி, மீண்டும் மேலே அனுப்பி, நம் மாடியிலுள்ள சிறு தட்டில் இறக்குகிறது. கேபிள் என்றால் கேபிள் நிறுவனத்தின் பெரிய தட்டில் இறங்கி, கம்பி வழியே தெருத்தெருவாக வந்து சேர்கிறது. நோக்கினால் கேபிளும் செயற்கைக்கோள் சேவைதான். தட்டு நம் மாடியில் இல்லை, அவ்வளவே வேறுபாடு. இருவரும் தபால்காரர்கள். கடிதத்தில் வசைமொழி இருந்தால் தபால்காரரை மாற்றிப் பயனில்லை.

அப்படியானால் வசை எங்கே எழுதப்படுகிறது? ஒலிப்பதிவுக் கூடத்தில். அங்கே நடப்பதை விளக்க எனக்குப் பவணந்தியார் கைகொடுக்கிறார். எழுத்துகள் எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிக்கப்படும் என்று நன்னூல் சொல்கிறது. உயர்த்திச் சொல்வது எடுத்தல், தாழ்த்திச் சொல்வது படுத்தல், இடைப்பட்டது நலிதல். நம் பேச்சு முழுவதும் இம்மூன்றின் ஊடாட்டம். ஒரு திரைப்படக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கதவு சாத்தப்படும் ஓசை உரத்து இருக்கும். தாய் மகளிடம் பேசுவது நடுத்தரமாக இருக்கும். முணுமுணுப்பும் பெருமூச்சும் மிகத் தாழ்ந்திருக்கும். உரத்த ஓசைக்கு இடம்விட்டுத்தான் மற்றவற்றைக் கீழே அமைப்பார்கள். கூரை உயரமாக இருந்தாலும் மனிதர்கள் தரையில்தானே நடமாடுகிறார்கள்.

விளம்பரக்காரர் இந்த ஏற்ற இறக்கத்தை அழித்துவிடுகிறார். இதற்கென உள்ள கருவியைக் கொண்டு தாழ்ந்த ஓசைகளையெல்லாம் தூக்கி, உயர்ந்தவற்றின் பக்கத்தில் நிறுத்துகிறார். ஆங்கிலத்தில் கம்ப்ரெஷன் என்பார்கள். அமுக்கம் என்று தமிழில் சொல்லலாம். அமுக்கப்பட்ட ஒலியில் படுத்தல் இல்லை, நலிதல் இல்லை. முப்பது விநாடியும் எடுத்தல் மட்டுமே. சோப்பும் எடுத்தல், சேமியாவும் எடுத்தல். அதன் உச்சத்தை மட்டும் அளந்து பார்த்தால், திரைப்படத்தில் கதவு சாத்திய ஓசையை அது தாண்டியிருக்காது. நெடுங்காலம் ஒலிபரப்பாளர்கள் அளந்ததும் இந்த உச்சத்தைத்தான். "எங்கள் விளம்பரம் வரம்பை மீறவில்லை" என்று அவர்கள் சொன்னது சட்டப்படி உண்மையாகவே இருந்தது. கூரையை அவர்கள் இடிக்கவில்லை, கூரையிலேயே குடியிருந்தார்கள்.

நம் செவியோ உச்சத்தை மட்டும் கேட்பதில்லை, சராசரியைக் கேட்கிறது. ஓர் ஓசை பத்து டெசிபல் உயர்ந்தால் இருமடங்கு உரத்ததாக நமக்குத் தோன்றுகிறது. பேச்சின் உயிர்நாடி இருக்கும் அதிர்வெண்களில் நம் செவி மிகக் கூர்மையானது. அந்தப் பகுதியையே பார்த்து விளம்பரத்தில் தூக்கிவிடுகிறார்கள். இது விபத்தன்று, கைத்தொழில்.

உரத்த அறிவிப்பே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். மணிமேகலையின் முதற் காதை ஓர் அறிவிப்போடுதான் தொடங்குகிறது. வச்சிரக்கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, இருபத்தெட்டு நாள் இந்திரவிழாவைப் புகார் நகருக்கு அறிவிக்கிறார்கள். யானைமேல் ஏற்றிய முரசுக்கு முன் நம் தொலைக்காட்சி எம்மாத்திரம்! ஆயினும் அறைவோன் முதலில் நகரை வாழ்த்துகிறான். மழை பொழிக என்கிறான், கோல் கோடாதிருக்க என்கிறான். பிறகே செய்தியைச் சொல்கிறான். நம் சிற்றூர்களில் தண்டோராப் போட்டவர்களைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர் அடிப்பார், நிறுத்துவார், நிறுத்திய பின்னரே சொல்வார். பறையும் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. நடுவிலுள்ள அந்த அமைதியில்தான் தெரு காதைக் கொடுத்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளம்பரம் என்பது ஒரு மனிதரின் குரலாகவே நினைவிருக்கும். அப்துல் ஹமீது அவர்களின் உச்சரிப்புக்காகவே காத்திருந்து கேட்டவர்கள் உண்டு.

இதில் நான் இவ்வளவு அக்கறை கொள்வதற்கு வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. என் தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது, செவி மந்தம். முதுமையில் செவி எப்படித் தேய்கிறது என்பதை நம்மவர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலில் போவது உயர் அதிர்வெண்கள். ச, த, ப, க போன்ற வல்லினத்தின் வெடிப்பும் உரசலும் அங்கேதான் இருக்கின்றன. உயிரெழுத்துகளும் மெல்லினமும் கீழே இருப்பதால் நெடுநாள் தங்குகின்றன. பெயரளவில் வல்லினம், முதிய செவியில் முதலில் உதிர்வது அதுதான். ஆதலால் முதியவர்க்குப் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. "காது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் தெரியவில்லை" என்று அம்மா சொல்வது மருத்துவப்படியே சரியான வாக்கியம்.

இரண்டாவது தன்மை இன்னும் கொடியது. மந்தமான செவிக்கு மெல்லொலி கேட்காது. ஆனால் வல்லொலி, நல்ல செவி உள்ளவரை எவ்வளவு தாக்குமோ அவ்வளவும் தாக்கும். கேட்பதற்கும் துன்புறுவதற்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிவிடுகிறது. தொடரின் உரையாடல் விளங்க அம்மா ஒலியைக் கூட்டுகிறார். விளம்பரம் இடியாக இறங்குகிறது. ரிமோட்டைத் தேடுவதற்குள் மூன்று விளம்பரங்கள் முடிந்துவிடும். உள்ளறையில் பேத்தி தேர்வுக்குப் படிக்கிறாள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அம்மா யார்மீதும் குறை சொல்கிறவர் அல்லர். சில மாதங்களாக ஒலியை அறவே அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கதை தெரியுமா அம்மா?" என்று கேட்டேன். "முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அவள் அழுதால் மாமியார் ஏதோ சொல்லியிருக்கிறாள்" என்றார். தமிழ்த் தொடர்களின் கதையமைப்புக்கு இதைவிடக் கூரிய திறனாய்வு நம் வட்டத்தில்கூட எழுந்ததில்லை. ஆனாலும், மாதக் கட்டணம் செலுத்தும் ஒரு மூதாட்டி தமிழ்ச் சொல்லைக் கேட்கும் இன்பத்தை விளம்பரத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுப்பதை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரத்து இருத்தல் ஆகாது என்று ஒரு விதி உண்டு. மணிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் அவ்விதிகளில் இடம்பெற்றது. பத்து நிமிடம் வணிக விளம்பரம், இரண்டு நிமிடம் அலைவரிசை தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதற்கு. 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்த நேர வரம்பை வற்புறுத்தி ஒழுங்குமுறை வெளியிட்டது. ஒலிபரப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றத்தில் நெடுங்காலம் நின்றது. நேரத்தைப் பற்றிய சண்டை இப்படியென்றால் ஒலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அளவுக்கு மீறி" என்ற விதியில் அளவு எது என்று சொல்லப்படவில்லை. சட்டம் ஓர் அடைமொழியோடு நின்றுவிட்டது. அடைமொழியை வைத்துக்கொண்டு கவிதை எழுதலாம். அபராதம் விதிக்க முடியாது.

பிற நாடுகள் அடைமொழியை விட்டு எண்ணுக்கு வந்தன. செவி கேட்கும் விதத்திலேயே உரப்பை அளக்கும் ஒரு முறையை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அதைக்கொண்டு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் மைனஸ் 23 என்ற அளவை இலக்காக வைத்தது. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் ஒரே எண். அமெரிக்காவில் 2010 டிசம்பரில் ஒபாமா ஒப்பமிட்ட சட்டம், 2012 டிசம்பர் 13 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தின் சராசரி உரப்பு, அது ஒட்டி வரும் நிகழ்ச்சியினதை மிஞ்சலாகாது என்பது அதன் சாரம். அங்கே கேபிளுக்கும் செயற்கைக்கோளுக்கும் வான்வழி நிலையத்துக்கும் ஒரே விதி. மாத்திரைக்கு அளவு வைத்த தொல்காப்பியர் செய்ததும் இத்தகைய பணியே என்று சொன்னால் மிகை என்பீர்கள், சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

இனிக் கேபிளா, டிஷ்ஷா என்னும் வினாவுக்கு வருகிறேன். ஒலி காரணமாக மாற்ற வேண்டாம் என்றேன். வேறு காரணங்கள் உண்டு.

நம் தலைமுறை இந்த வண்டியில் ஏறியது 1991 வளைகுடாப் போரின்போது. 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி வந்தது. ஊருக்கு ஊர் கம்பி ஏறியது. 2003 செப்டம்பரில் சென்னையில் மட்டும் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது மற்ற ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தோம். அதே ஆண்டில் தனியார் டி.டி.எச். இந்தியாவில் தொடங்கியது, அடுத்த ஆண்டு இறுதியில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாத் தட்டும் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது டிஷ் வைத்தவர்கள் சிலர் கம்பிக்குத் திரும்பினார்கள். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது. முதல் நூறு அலைவரிசைக்கு அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய் வரை, அதற்குமேல் கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்றானது. அதன்பின் விலையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லாமற் போயிற்று.

டிஷ்ஷின் குறை மழை. அது பயன்படுத்தும் அலைகளை அடர்மழை விழுங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில், வானிலைச் செய்தி மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், திரையில் "சிக்னல் இல்லை" என்று வரும். மேலே கோளுக்கு ஒன்று நேர்ந்தால் இன்னும் சிக்கல். 2010 ஜூலையில் இன்சாட் 4பி கோளில் மின்னாற்றல் பழுதுபட்டபோது சன் டைரக்ட் சந்தாதாரர்களின் திரைகள் ஒரேயடியாக இருண்டன. சேவை வேறு கோளுக்கு மாற வேண்டியதாயிற்று. கேபிளின் குறை கம்பமும் மரமும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை இந்தக் காவிரிப் படுகையில் யாரும் மறக்கவில்லை. தென்னையோடு கம்பங்கள் சாய்ந்தன. கம்பங்களோடு கேபிள் சாய்ந்தது. மாடித் தட்டுகள் வயலில் கிடந்தன. மின்சாரமே பல நாள் இல்லாத ஊரில் எந்தச் சேவை சிறந்தது என்ற வழக்குக்கு இடமில்லை. அந்நாட்களில் செய்தி சொன்னது மின்கலத்தில் ஓடிய சிறு வானொலிப் பெட்டிகள்.

கேபிளின் சிறப்பு மனிதர். பழுதென்றால் தெருமுனையிலிருந்து ஒரு தம்பி ஏணியோடு வருவார்; வராவிட்டால் கட்டணம் வாங்க வரும்போது நேரில் கேட்கலாம். டி.டி.எச்.சில் எண்களை அழுத்திக்கொண்டே போக வேண்டும். என் தாயாரைப் போன்றவர்க்கு அது இன்னொரு செவித்தேர்வு. கேபிளில் உள்ளூர் அலைவரிசையும் உண்டு. கோயில் தேரோட்டமும் பள்ளி ஆண்டுவிழாவும் அதில்தான் வரும். நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவைக்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார்கள். டிஷ்ஷில் இது கிடைக்காது. ஆனால் ஒலியைப் பொறுத்தவரை இருவகைச் சேவைக்கும் உள்ள ஒரே மெய்யான வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்களை அந்த அலைவரிசையில் நம் ஊரிலேயே ஏற்றுகிறார்கள். அவற்றின் உரப்புக்கு முன் மும்பை விளம்பரம் தாலாட்டு. ஆகவே உள்ளூர் அலைவரிசை பார்க்காதவர் எதை வைத்தாலும் ஒன்றே. பார்ப்பவர்க்கு அன்பும் அதிகம், ஆரவாரமும் அதிகம்.

இரண்டையும் விட்டு இணையவழிக்குப் போனவர்கள் பலர். நாட்டில் கட்டண டி.டி.எச். சந்தாக்கள் 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடி இருந்தன. 2024 இறுதியில் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டன. போன இடத்திலும் விளம்பரம் உண்டு, உரப்பும் உண்டு. அமெரிக்கச் சட்டம் இணையவழி ஒளிபரப்பைத் தொடவில்லை. கலிபோர்னியா மாநிலம்தான் 2025 அக்டோபரில் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

இப்போதைக்கு நம் கையில் இருப்பவை சில. புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் ஒலி அமைப்புப் பகுதியில் தானியங்கி ஒலியளவு என்றோ இரவுமுறை என்றோ ஒன்று இருக்கும். அதை இயக்கினால் ஏற்ற இறக்கத்தைப் பெட்டியே ஓரளவு மட்டுப்படுத்தும். திரைப்பட இசை சற்று மழுங்கும், பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கம்பியில்லாச் செவிப்பொறி ஒன்று வாங்கியிருக்கிறேன். தலையில் மாட்டினால் பூ நசுங்குகிறது என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது. 2021 ஜூனில் திருத்தப்பட்ட விதிகளின்படி, விளம்பர நெறியை மீறினால் பார்வையாளர் நேரே அலைவரிசைக்கு எழுதலாம். பதினைந்து நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நிறைவில்லையேல் மேல்முறையீடும் உண்டு. எழுதத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இந்த அவையில் இருக்கிறோம். பத்தாண்டில் பத்திரிகை ஆசிரியர்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறோம். இதற்கு ஆளுக்கொரு கடிதம் எழுதலாம். நாள், நேரம், அலைவரிசை, விளம்பரம் நான்கையும் குறிக்க வேண்டும். உவமை வேண்டாம்.

உள்ளூர் அலைவரிசை நடத்தும் தம்பியைப் போன வாரம் சந்தித்தேன். நம் வட்டத்துக்கு வேண்டியவர்தான். ஐந்தாம் ஆண்டு விழாவைக் காட்டியவரும் அவரே. விளம்பர ஒலியைச் சற்றுத் தாழ்த்தக் கூடாதா என்று கேட்டேன். "சார், எனக்குத் தாழ்த்த ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா கடைக்காரர் அவர் கடையில ஒரு டி.வி. வச்சிருக்கார். பக்கத்துக் கடை விளம்பரத்தைவிடத் தன்னது ஒரு பிடி குறைஞ்சாலும் உடனே போன் வந்துரும்" என்றார். அப்படியானால் எல்லாக் கடைக்கும் ஒரே அளவாகக் குறைத்துவிடுங்களேன் என்றேன். அவர் சற்று நேரம் யோசித்தார். ஆடித் தள்ளுபடிக்குக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடுவார்களாம். அப்போது நானும் வந்து அவர்களிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். என்னோடு வரக்கூடியவர்கள் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.